அலமாரியைச் சுற்றிக் கட்டிய வீடு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாசலில் நின்ற ஃபிர்மின், "எழுத்தாளரே, இந்த டேப்போட நுனிய ஒரு நிமிஷம் பிடிச்சுக்கங்க" என்றான். பிடித்தேன். அந்த ஒரு நிமிஷம் பதினான்கு மாதம் நீடித்தது. ரொட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

(ஃபிர்மினுக்கு வயது அறுபத்துமூன்று. தெருவில் "நீங்க" என்றுதான் கூப்பிடுவேன். கதைக்குள் "அவன்" என்கிறேன். எழுதுகிறவனுக்கு இருக்கும் ஒரே சலுகை அதுதான். அவனுடைய அக்கா வரும்போது அவளையும் "அவள்" என்பேன். அவளுக்கு இது தெரியக் கூடாது.)

என்னை எழுத்தாளர் என்று அவன் கூப்பிடுவது மரியாதையினால் அல்ல. நான் டிராம் ஓட்டுகிறவன். கென்ட் நகரத்தில், பாட்டர்ஸ்ஹோல் என்கிற பழைய பேட்டையில், இந்தச் சந்தில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறேன். ஒருமுறை தபால்காரர் ஒரு தமிழ்ப் பத்திரிகையைத் தவறுதலாக ஃபிர்மின் வீட்டில் போட்டுவிட்டார். அதில் ஒரு கதையும் என் படமும் இருந்தன. படத்தில் எனக்கு நிறைய முடி. அன்றிலிருந்து எழுத்தாளர்.

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "கென்ட் நகரின் மிகப் பழைய பேட்டையில், நூற்றாண்டுகளாக ஈரம் காயாத சந்துகளில், வரலாறு இன்னும்" — இதோடு விட்டுவிட்டேன். சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் மாதிரி இருந்தது. ஈரம் காயாதது மட்டும் உண்மை. என் குளியலறைச் சுவரில் பார்க்கலாம்.

இரண்டாவது: "ஒக்தாவி அத்தை இறந்த அன்று மழை பெய்தது." — இங்கே யார் இறந்தாலும் மழை பெய்யும். யார் பிறந்தாலும் பெய்யும். இதை ஒரு செய்தி என்று எழுதினால் ஊரில் சிரிப்பார்கள்.

மூன்றாவது: "ஓர் அலமாரி இருந்தது."

இது நின்றது. அலமாரியும் நின்றது. அதுதான் பிரச்சினை.

2

முதலில் பேட்டையைப் பற்றி இரண்டு வரி. பாட்டர்ஸ்ஹோல் என்றால் பாதிரிமார்களின் ஓட்டை என்று பொருள். இங்கே இருந்த மடத்துத் துறவிகள் வாய்க்காலில் தண்ணீர் மொள்வதற்காக ஓர் ஓட்டை வைத்திருந்தார்களாம். பக்கத்திலேயே பெரிய கோட்டை இருக்கிறது. அதன் பெயரை வைத்துக்கொண்டிருக்கலாம். ஓட்டையின் பெயரை வைத்துக்கொண்டார்கள். பேட்டைக்காரர்களின் குணத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மீதி வரலாற்றை நான் கற்றுக்கொண்டது ஒக்தாவி அத்தையிடம். அவள் எனக்கு அத்தை முறை இல்லை. ஃபிர்மினுக்கும் அவன் அக்கா ஹெர்லிண்டாவுக்கும் அப்பா வழி அத்தை. ஆனால் தன் மதுக்கடையில் வந்து உட்கார்ந்த எல்லோரும் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று வைத்திருந்தாள். நாற்பத்தொரு வருடம் கீழ்த்தளத்தில் கடை நடத்தினாள். "முதல்ல இங்க தோல் உரிக்கிறவங்க இருந்தாங்க. அப்பறம் கோட்டைல நீதிமன்றம் நடந்தப்போ வக்கீலுங்க குடி வந்தாங்க. தொழில் மாறல" என்பாள். "அப்பறம் மில்லுத் தொழிலாளிங்க, ஒரு ரூமுக்குப் பத்துப் பேரு. அப்பறம் குடிகாரங்க. அப்பறம் அந்தக் குடிகாரங்களப் பாக்க வந்த ஓவியக்காரங்க. இப்போ ஓவியக்காரங்க இருந்த இடத்தப் பாக்க வர்றவங்களுக்குச் சோறு போடறவங்க."

தொண்ணூற்றொரு வயதில் அவள் போனாள். நோட்டரி உயிலை வாசித்தார். வீடு ஃபிர்மினுக்கு. மாடி அறையில் இருக்கும் அலமாரி ஹெர்லிண்டாவுக்கு. மிச்சமிருக்கும் ஜின் போத்தல்கள் உயிலை வாசிப்பவருக்கு. கடைசியில் ஒரு வரி: இருவரும் சண்டை போட வேண்டாம், போட்டாலும் கதவைச் சாத்திக்கொண்டு போடவும்.

அத்தையின் கடைசி ஒன்பது வருடங்கள் அவளைப் பார்த்துக்கொண்டது ஃபிர்மின். அந்தச் சுழல் படியில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கி இரண்டு முழங்காலும் போய்விட்டன. வீட்டை ஒரு உணவகக்காரருக்கு விற்றுவிட்டுக் கடற்கரைக்கு, ஓஸ்டெண்டேவுக்குப் போய்விடுவது அவன் திட்டம். "படியே இல்லாத வீடு. ஜன்னல தொறந்தா கடல். கடலுக்கு வழிகாட்டி கிடையாது, வரலாறு கிடையாது. சும்மா தண்ணி" என்பான். வாங்க வந்தவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மாடி அறை காலியாக வேண்டும்.

அதற்காகத்தான் டேப். கறுத்துப்போன ஓக் மர அலமாரி. அகலம் இரண்டு மீட்டர் நாற்பத்தொன்று. ஆழம் தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். உயரம் கூரை விட்டம் வரை. அறைக் கதவு எழுபத்தொன்று. படி அறுபத்துநாலு. ஜன்னல் எண்பத்தைந்து. எல்லாவற்றையும் இரண்டு முறை அளந்தோம். ஒருமுறை ரொட்டியையும் அளந்துவிட்டான்.

"அப்போ இது எப்படி உள்ள வந்துச்சு?" என்று கேட்டேன்.

"வந்திருக்காது" என்றான்.

"வராம எப்படி?"

"இருக்குல்ல."

கழற்ற முடியாது, ஒரு திருகாணிகூட இல்லை, எல்லாம் மரத்துக்குள் மரம். வீட்டை உடைக்க முடியாது. பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஒரு ஆணி அடிக்கவும் நகராட்சிக்குக் கடிதம் எழுத வேண்டும். ஒரே வழி, அலமாரியை ரம்பத்தால் நான்காக அறுப்பது. ஃபிர்மின் அக்காவுக்குப் போன் போட்டான். அவள் பதில் தெருவைத் தாண்டி எனக்குக் கேட்டது. நான் அப்போது என் வீட்டு மாடியில் இருந்தேன்.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். இவர்கள் பேசுவது கென்ட் கொச்சை. சொல்லின் கடைசியைப் பல்லுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். பக்கத்து ஊர்க்காரனுக்கே பாதிதான் புரியும். இதை எந்த ஊர்த் தமிழில் எழுதுவது? ஹெர்லிண்டாவை மதுரைத் தமிழில் பேச வைத்துப் பார்த்தேன். எனக்கே பயமாக இருந்தது. கோயம்புத்தூர்த் தமிழில் பேச வைத்தேன். "ஏனுங்க" என்று ஆரம்பித்ததும் சண்டை நின்றுவிட்டது, கதையும் நின்றுவிட்டது. கடைசியில் ஊர் பெயர் இல்லாத ஒரு தமிழைக் கொடுத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

இன்னொரு சிக்கல், ஹெர்லிண்டாவுக்கு அந்த அலமாரி ஏன் வேண்டும் என்பது. அறுபத்தேழு வயது. ஊருக்கு வெளியே ஒரு புதுக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கிறாள். அந்த அலமாரி அவள் வீட்டு லிப்டிலேயே நுழையாது. ஒரு காரணம் இல்லாமல் கதாபாத்திரம் நிற்காது என்பதால் நானே ஒன்றை எழுதினேன்:

[இடி இடிக்கும் நாட்களில் சிறுமி ஹெர்லிண்டா தம்பியை இழுத்துக்கொண்டு அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த இருட்டில் அவனுடைய சின்னஞ்சிறு கையை]

நான் கதை எழுதுகிற விஷயம் அதற்குள் பேட்டைக்கே தெரிந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை அவளே வந்து, "என்னப் பத்தி எழுதுறீங்களாமே, வாசிங்க" என்றாள். அவள் மொழிக்கு மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினேன். "கையை" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"இத யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

"அதுக்குள்ள பாச்சா உருண்டை நாத்தம். மனுஷி ஒரு நிமிஷம் இருக்க முடியாது. இவன் கையப் பிடிக்கவா? இவன் கை எப்பவும் ஜாம் பிசுபிசுப்பு. அடிச்சிடுங்க."

அடித்துவிட்டேன். (அடைப்புக்குறி போட்டிருக்கிறேன். அவளுக்கு வித்தியாசம் தெரியாது.)

"அப்போ எதுக்கு அந்த அலமாரி?"

"எங்க வீட்ல இருக்கற எல்லாமே கதவு வழியா வந்ததுதான்" என்றாள். "சோபா, டிவி, புருஷன். புருஷன் அதே கதவு வழியாப் போயிட்டான். நல்லதுதான். ஆனா போக முடியாத மாதிரி ஏதாவது ஒண்ணு நம்மகிட்ட இருக்கணும்ல." பிறகு, "இதையும் எழுதாதீங்க" என்றாள்.

4

ரம்பம் கூடாது என்று சொன்னதோடு ஹெர்லிண்டா நிற்கவில்லை. தன் அலமாரியைப் பார்க்கத் தனக்கு உரிமை உண்டு என்று தினமும் காலை பதினொரு மணிக்கு வர ஆரம்பித்தாள். நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து சீஸ் ரொட்டி சாப்பிடுவாள். வீடு பார்க்க வந்த உணவகக்காரரிடம், "நான் இந்த அலமாரியோட சொந்தக்காரி, நீங்க யாரு?" என்றாள். அவர் தன் பெயரைச் சொன்னார். "கேட்டதில்லை" என்றாள்.

மறுநாள் ஃபிர்மின் வாசலை மறித்து நின்றான்.

"அலமாரி உன்னோடது. ஒத்துக்கறேன். ஆனா படி என்னோடது. தரை என்னோடது. மிதிக்காம வா."

"மிதிக்காம எப்படிடா வர்றது?"

"அது உன் கவலை."

அவள் திரும்பி, சந்தின் குறுக்கே கடந்து, என் கதவைத் தட்டினாள். "உங்க மாடி ஜன்னல் எவ்வளவு அகலம்?"

எங்கள் சந்து அந்த இடத்தில் ஒரு மீட்டர் எண்பது. அலமாரி அத்தை வீட்டு மாடி ஜன்னலை ஒட்டித்தான் நின்றது. ஒரு பலகை போட்டால் என் ஜன்னலிலிருந்து நேராக அலமாரிக்குள் போய்விடலாம், தரையில் கால் படாமல். நான் வேண்டாம் என்று மூன்று மொழிகளில் சொன்னேன். அவள் என் புத்தகத் தட்டின் நீளப் பலகையை உருவிக்கொண்டிருந்தாள். புத்தகங்கள் தரையில் இருந்தன.

முழங்காலில் தவழ்ந்துதான் போனாள். பையை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். நான் பலகையின் இந்த முனையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கீழே மஞ்சள் குடை பிடித்த வழிகாட்டி ஒருவர் முப்பது பேரோடு வந்து சேர்ந்தார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வழிகாட்டி ஒரு நொடிதான் தயங்கினார்.

"பழங்காலத்தில் இந்தப் பேட்டையில் மக்கள் இப்படித்தான் வீட்டுக்கு வீடு போய்வந்தார்கள்" என்றார். "இந்த மரபை இன்றும் சிலர் விடாமல் காப்பாற்றுகிறார்கள்."

கை தட்டினார்கள். ஹெர்லிண்டா நடுப் பலகையில் நின்று, அதாவது தவழ்ந்தபடி நின்று, ஒரு கையை ஆட்டினாள்.

அடுத்த நாளிலிருந்து மஞ்சள் குடை சரியாகப் பதினொரு மணிக்கு வந்தது. மூன்றாம் நாள் ஹெர்லிண்டா லேஸ் வைத்த வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். "கேக்கறாங்கல்ல" என்றாள்.

ஐந்தாம் நாள் அவள் அலமாரிக்குள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பலகை சோப்பு மாதிரி ஆகிவிட்டது. என் ஜன்னலிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

"டேய் ஃபிர்மின், பலகை வழுக்குது."

"வழுக்கட்டும்" என்று கீழேயிருந்து அவன் குரல்.

"நான் இங்கயே இருந்துருவேன்."

"இரு. உன் இடம்தான அது."

ஒரு மணி நேரம் போனது. பிறகு கீழே வெங்காயத்தாள் சூப் கொதிக்கிற வாசனை சந்தெல்லாம் பரவியது.

"ஜாதிக்காய் போட்டியா?"

"போடல."

"என்னைக்குப் போட்டிருக்க நீ."

இன்னொரு கால் மணி நேரம். பிறகு ஃபிர்மின் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளோடு முனகிக்கொண்டே படியேறி வந்தான். அலமாரி வாசலிலிருந்து படி வரைக்கும், படியில் ஒவ்வொன்றாகக் கீழ் வரைக்கும் விரித்தான். "பேப்பர் மேல மிதி. தரைல பட்டா நோட்டரிகிட்ட போவேன்."

அவள் தலைப்புச் செய்திகளை வாசித்துக்கொண்டே நடந்தாள். நடுப்படியில் நின்றாள். "இது போன மாசப் பேப்பர்டா."

"தரையும் பழசுதான். இறங்கு."

சூப் எனக்கும் வந்தது. ஜாதிக்காய் இல்லைதான்.

5

சுற்றுலாக்காரர்கள் எடுத்த பலகைப் படங்கள் ஊரெல்லாம் சுற்றி, பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. அன்னலோர் என்று ஒரு அதிகாரி வந்தாள். முப்பது வயதிருக்கும். சிரிக்காமல் பேசுகிறவள். என் ஜன்னலில் பலகை போட அனுமதி இல்லை என்று எனக்கு ஒரு தாள் கொடுத்தாள். அப்படி ஒரு மரபு எந்த ஆவணத்திலும் இல்லை என்று வழிகாட்டிக்கு ஒரு தாள் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, மறக்கப்பட்ட மரபு என்று மாற்றிக்கொண்டார்.

பிறகு மாடியேறி அலமாரியைப் பார்க்க வந்தவள், அலமாரியைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உங்க விட்டம் எங்க போய் முடியுதுன்னு என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. யார் பார்ப்பார்கள்? எல்லோரும் பார்த்தோம். சுவரிலிருந்து கிளம்பும் விட்டம் எதிர்ச் சுவருக்குப் போகவே இல்லை. அலமாரியின் தலை மேல் வந்து உட்கார்ந்திருந்தது.

அன்னலோர் மெல்லிய துளைக்கருவியால் விட்டத்திலும் அலமாரியிலும் பென்சில் தடிமனுக்கு மரத்தை எடுத்துப்போனாள். மரத்துக்குள் இருக்கும் வளையங்களை எண்ணினால் அது எந்த வருடம் வெட்டிய மரம் என்று சொல்லிவிடுவார்களாம். ஏழு வாரம் கழித்து வந்தாள். எல்லோரும் மதுக்கடையின் பழைய மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். நோட்டரியும் இருந்தார். தன் பங்கு போத்தல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

"விட்டம் வெட்டுனதுக்கு இருபத்தாறு வருஷம் முன்னாடியே அலமாரி மரம் வெட்டியாச்சு" என்றாள் அன்னலோர்.

"அப்படின்னா?" என்றான் ஃபிர்மின்.

"கீழ்த்தளம் கல்லு. மேல முன்னாடி மரவீடு இருந்திருக்கு. அதப் பிரிச்சிட்டுச் செங்கல்ல கட்டியிருக்காங்க. அலமாரிய மட்டும் கீழ இறக்கல."

"ஏன்?"

அன்னலோர் தாளைப் பார்த்தாள். தாளில் அதற்குப் பதில் இல்லை. "சோம்பலா இருந்திருக்கும்" என்றாள்.

"நம்ம ஊர்க்காரங்கதான்" என்று ஹெர்லிண்டா திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அப்போ வீட்டுக்குள்ள அலமாரி இல்ல. அலமாரிக்கு வெளிய வீடு."

"கட்டும்போது விட்டத்துக்கு மரம் பத்தல போல. சரி, இதுமேலயே வச்சிருவோம்னு வச்சிட்டாங்க" என்றாள் அன்னலோர்.

அப்போதுதான் நோட்டரி தொண்டையைச் செருமினார். இந்த இடத்தைக் கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் கதை இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

நோட்டரி சொன்னது இதுதான். அந்த அலமாரியை நகர்த்த முடியுமென்றால் அது சாமான், உயிலின்படி ஹெர்லிண்டாவுடையது. நகர்த்த முடியாதென்றால் அது சுவர் மாதிரி, தூண் மாதிரி, வீட்டின் ஓர் உறுப்பு, அப்போது ஃபிர்மினுடையது. தள்ளிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

நான் அன்றிரவு படுக்காமல் இதை ஒரு தாளில் கட்டம் போட்டுப் பார்த்தேன். நகர்ந்தால், ஹெர்லிண்டா ஜெயித்தாள். ஆனால் ஜெயித்த அலமாரியை அவள் எடுத்துக்கொண்டு போக வேண்டும், அதற்கு அறுக்க வேண்டும். அறை காலியாகும். விட்டத்துக்கு வேறு தாங்கல் கொடுத்துவிட்டு ஃபிர்மின் கடலுக்குப் போய்விடுவான். நகராவிட்டால், ஃபிர்மின் ஜெயித்தான். வீட்டின் உறுப்பை அறுக்க நகராட்சி விடாது, அலமாரி முழுசாக நிற்கும், வாங்குகிறவர் போய்விடுவார், இவன் கடல் இல்லாமல் இந்தப் படியோடு கிடப்பான்.

அலமாரி பிழைக்க வேண்டுமென்றால் அவள் தோற்க வேண்டும். கடல் வேண்டுமென்றால் அவன் தோற்க வேண்டும். இருவரும் ஒன்பது மாதமாக ஜெயிக்கத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

6

இந்தப் பகுதியை ஆறு முறை எழுதினேன். ஒன்றில் கூரை இடிந்து விழுகிறது, புழுதி அடங்கியதும் அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு அக்காவும் தம்பியும் வெளியே— நான் டிராம் ஓட்டுகிறவன், எனக்கு இவ்வளவு இடிபாடு ஒத்துக்கொள்ளாது. இன்னொன்றில் அலமாரிக்குப் பின்னால் ரகசிய வழி. எல்லாக் கதையிலும் பின்னால் ஏதாவது இருக்கிறது. எங்கள் அலமாரிக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை. அன்னலோர் விட்டத்துக்கு அடியில் இரண்டு இரும்பு முட்டுகள் கொடுத்திருந்தாள். "ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. கூரைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. அரை விரல் நகர்ந்தாப் போதும், தயவுசெஞ்சு அதுக்கு மேல வேண்டாம்" என்றாள். இதற்காகவா படித்தோம் என்று நினைத்திருப்பாள்.

மூன்று பேர் தள்ள வேண்டும் என்றார் நோட்டரி. வாரிசுகள் இருவர், நடுநிலையாக ஒருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இடது பக்கம் ஹெர்லிண்டா. வலது பக்கம் ஃபிர்மின். நடுவில் நான். மரம் குளிர்ந்திருந்தது.

"மோதிரத்தக் கழட்டு, கீறல் விழும்" என்றான் ஃபிர்மின்.

"யாரோட அலமாரிடா?"

"அதத்தான் இப்போ பாக்கப் போறோம்."

நோட்டரி மூன்று வரை எண்ணினார். தள்ளினோம். ஃபிர்மினின் கழுத்து நரம்பு புடைத்தது. ஹெர்லிண்டா கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். கீழே சந்தில் போன யாரோ நின்று அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். படக்கென்று ஒரு ஓசை. எல்லோரும் கூரையைப் பார்த்தோம். ஃபிர்மினின் முழங்கால்.

அலமாரி நகரவில்லை. நோட்டரி குனிந்து, தரையில் தான் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். "அசையவில்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"சரி. உன்னோடது" என்றாள் ஹெர்லிண்டா.

"சரி" என்றான் ஃபிர்மின்.

ஜெயித்தவன் முகம் மாதிரி அது இல்லை. தோற்றவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் மோதிரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள், அது போக மாட்டேன் என்றது.

வெள்ளிக்கிழமைக்குள் உணவகக்காரர் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு இடம் பார்த்துவிட்டார். ஃபிர்மின் ஒரு நாள் மட்டும் ஓஸ்டெண்டே போய்வந்தான். ஒரு பை நிறைய இறால் வாங்கி வந்தான். இருவரும் மதுக்கடை மேசையில் உட்கார்ந்து உரித்தார்கள். இப்போது அவள் தினமும் வாசல் வழியாகத்தான் வருகிறாள். தரையை நன்றாக மிதித்துக்கொண்டு வருகிறாள். போன வாரம் ஒரு மெத்தையைக் கொண்டுவந்து அலமாரிக்குள் போட்டாள்.

"என் அலமாரிக்குள்ள உன் மெத்தை எதுக்கு?"

"மெத்தைய நகர்த்த முடியுதுல்ல? அப்போ அது என்னோடது. நோட்டரியக் கேளு."

7

கதையை அங்கேயே முடித்திருக்கலாம். அன்னலோர் முடித்துவிட்டாள், அவளுடைய அறிக்கை பதினொரு பக்கம், கடைசிப் பக்கத்தில் முத்திரை. எனக்கு அப்படி முடியவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஃபிர்மின் என் டிராமில் ஏறினான். எங்கேயும் போக வேண்டியதில்லை, ஏறினான். ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று எழுதியிருக்கும் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, நான்கு நிறுத்தம் தாண்டியதும் கேட்டான்:

"நீங்க நடுவுல நின்னீங்க. அவ தள்ளினாளா?"

நான் மணி அடித்தேன். முன்னால் யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்து ஹெர்லிண்டா. என் வீட்டு ஜன்னலில் சாய்ந்துகொண்டு, எதிர்வீட்டைப் பார்த்தபடி, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்:

"எழுத்தாளரே, ஃபிர்மின் அன்னைக்கு நெசமாவே தள்ளினானா?"

நீங்கள் அந்தக் கட்டத்தை ஞாபகம் வைத்திருந்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். அவள் தள்ளவில்லை என்றால், ஒரு மரச்சாமானுக்காகத் தம்பியின் கடலை அடைத்துவிட்டாள். அவன் தள்ளவில்லை என்றால், அந்தக் கடலை அவனே அக்காவின் காலடியில் போட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் இறால் உரித்துக்கொண்டிருக்கிறான். இருவருமே முழுப் பலத்தோடு தள்ளியிருந்தால் யார் மீதும் குற்றம் இல்லை, நன்றியும் இல்லை. அலமாரி கனம், அவ்வளவுதான்.

மூன்று முடிவுகளையும் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றுமே நன்றாக இருக்கின்றன. இரண்டாவதை வாசித்தால் நீங்கள் அழுதுவிடுவீர்கள், நான் ஒருமுறை அழுதேன். எது உண்மை என்று என்னால் சொல்ல முடியாது. மறைப்பதனால் அல்ல. நடுவில் நிற்கிறவனுக்கு மரத்தின் வழியாக இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்கிற நிலையில் நான் இல்லை.

நான் தள்ளவில்லை.

கையை வைத்துக்கொண்டு நின்றேன். முகத்தைக் கஷ்டப்படுவது மாதிரி வைத்துக்கொண்டேன். அலமாரி நகர்ந்தால் எதிர்வீடு உணவகமாகிவிடும், என் ஜன்னலுக்கு நேரே புகைபோக்கி வைப்பார்கள், பதினொரு மணிக்கு ஒருவரும் வரமாட்டார்கள், கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் என்றெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் உண்மையாகச் சொன்னால், "மரம் குளிர்ந்திருந்தது" என்ற வாக்கியம் நன்றாக வந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் தள்ளியிருந்தால் நகர்ந்திருக்குமா என்று கேட்காதீர்கள். என்னிடம் நானே தினமும் கேட்கிறேன், ஒவ்வொரு நிறுத்தத்திலும்.

இன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் நான் எழுதிய வரைக்கும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆறு பகுதிகள் வாசித்தாகிவிட்டது. ஆறாவதில் ஃபிர்மினுக்கு முழங்கால் ஓசை பிடிக்கவில்லை. ஹெர்லிண்டாவுக்கு மெத்தை பிடித்திருந்தது. இப்போது எதிர்வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். காபி போட்டாகிவிட்டது போலிருக்கிறது.

"முடிவு எழுதியாச்சா?" என்கிறாள் அவள்.

"எழுதிட்டேன்."

"சந்தோஷமா, சோகமா?" என்கிறான் அவன். "சோகம்னா பிஸ்கட்ட உள்ள வச்சிருவேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். முன்பே எழுதிய மூன்று முடிவுகள் ஒரு கையில் இருக்கின்றன. இந்த ஏழாம் பகுதி இன்னொரு கையில். எதிர்வீட்டுக் கதவின் முன்னால் நிற்கிறேன். தட்ட வேண்டுமென்றால் ஒரு கையில் இருப்பதைக் கீழே போட்டாக வேண்டும். கீழே தரை ஈரம். போட்டது பிறகு வாசிக்கும்படி இருக்காது.

உள்ளே நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். சொல்லுங்கள், எந்தக் கை?